பெட்டியில் விழாத துண்டு

என் அப்பா எந்தக் காகிதத்தையும் மூன்றாகத்தான் மடிப்பார். மடித்த பிறகு பெருவிரல் நகத்தால் ஓரத்தை ஒருமுறை அழுத்தி இழுப்பார். கந்தோர்க் கடிதம், கடைச் சிட்டை, கோயில் பாட்டு எழுதிய தாள் என்று எல்லாவற்றுக்கும் அதே மடிப்புத்தான். பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். அந்த மடிப்பு ஒருநாள் என் ஆராய்ச்சிக்கு ஆதாரமாக வந்து நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கூடுதலாகச் சிரித்திருப்பேன்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறு வருடம் நான் கொழும்பில் சர்வகலாசாலையில் அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். தலைப்பை நாங்களே தெரிவு செய்யலாம் என்றார்கள். அப்படிச் சொன்னதும் எல்லாரும் ஒரே தலைப்பைத் தெரிவு செய்தார்கள். நாட்டுக்குப் புதிய அரசியல் யாப்பு வரப்போகிறது என்ற பேச்சு எங்கும் இருந்த காலம் அது. நூலகத்தில் ஓர் அறிக்கைக்குப் பத்துப் பேர் கியூவில் நின்றார்கள். எனக்குக் கியூவில் நிற்கிற பொறுமை சின்ன வயதிலிருந்தே கிடையாது. அதோடு, எனக்கென்று ஒரு கேள்வி பதினொரு வயதிலிருந்து கூடவே இருந்தது.

யுத்தத்துக்கு முன்னர் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில், மன்னாருக்குத் தெற்கே முசலிக் கரையில் ஓர் ஊரில், வாக்காளர் கையில் கொடுத்த துண்டுகளில் சில பெட்டிக்குள் விழவில்லை. அவை எங்கே போயின? இதுதான் என் கேள்வி.

அந்தக் காலத்துத் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். மறைப்புக்குப் பின்னால் அந்த நிறங்களில் பெட்டிகள் இருக்கும். அதிகாரி கொடுக்கிற துண்டை வாங்கிக்கொண்டு தனியே உள்ளே போய், விரும்பிய நிறப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மற்ற வாசலால் வெளியே வர வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் சுலபமான வழி. அந்த ஊரில் மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று என்று இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார்கள்.

என் விரிவுரையாளர் சீமையில் படித்துத் திரும்பியவர். மேசையில் பென்சில்களை நீளத்தின்படி அடுக்கி வைத்திருப்பார். என் கேள்வியைக் கேட்டுவிட்டு, காணாமற்போன காகிதத்தைத் தேடுவது பொலிசின் வேலை என்றார்.

"வாக்குரிமை கிடைத்தவர்கள் அதை ஏன் பயன்படுத்தவில்லை என்பது அரசியல்தானே, சேர்?"

"பயன்படுத்தவில்லை என்று உமக்கு எப்படித் தெரியும்? அங்கே இருந்த அதிகாரி எண்ணத் தெரியாதவராக இருக்கலாம்."

எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த அதிகாரி என் அப்பா என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே தலைப்பு கையை விட்டுப் போய்விடும். என் மௌனத்தை அடக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில் ஒரு நிபந்தனையோடு அனுமதி தந்தார். அப்படித் தொலைந்த துண்டுகளில் ஒன்றையாவது கொண்டுவந்து இந்த மேசையில் வைக்க வேண்டும். அவர் சொன்னார் இவர் சொன்னார் என்பதெல்லாம் ஆய்வு ஆகாது.

அப்பா மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். தேர்தல் வேலைக்கு அவரை அந்த ஊருக்கு அனுப்பினார்கள். கிழித்துக் கொடுத்த துண்டுகளுக்குப் புத்தகத்தில் மிஞ்சிய அடிக்கட்டைகளை அன்று பின்னேரம் அவர் மூன்று தரம் எண்ணினார். பிறகு பட்டினத்தில் பெட்டிகளைத் திறந்தபோது துண்டுகள் குறைந்தன. யாருடைய வெற்றியையும் மாற்றக்கூடிய அளவு இல்லை. ஆனாலும் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். 'எண்ணும்போது என்னால் தவறு நேர்ந்திருக்கலாம்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விஷயம் மூடப்படும் என்று கூட வேலை செய்தவர்கள் புத்தி சொன்னார்கள். அப்பா எழுதிக் கொடுத்தார். விஷயம் மூடப்பட்டது.

மூடப்படாதது அப்பாவின் மனம். செய்யாத பிழையைச் செய்ததாக எழுதிய நாளிலிருந்து அவருக்குத் தன் கையிலேயே நம்பிக்கை போய்விட்டது. வாசற் பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். பத்தடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். கோயிலுக்குப் போகிற வழியில் நாங்கள் தெருவில் நின்று காத்திருப்போம். அந்தத் துண்டுகள் எங்கே போயின என்று கண்டுபிடித்தால் அப்பா ஒரே தரத்தில் பூட்டைப் பூட்டிவிட்டு வருவார் என்பது என் எண்ணம். கட்டுரையின் முன்னுரையில் இதை எழுத முடியாது. ஆனால் உண்மையான நோக்கம் இதுதான்.

ஆவணி விடுமுறையில் ஊருக்கு வந்து, அப்பாவிடம் கிராம நிர்வாகம் பற்றி எழுதப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, முருங்கன் வழியாக லொறியில் சிலாவத்துறைக்குப் போனேன். அங்கே என் சின்னம்மா அரசாங்க மருத்துவிச்சி. தோற்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு முள்ளிக்குளம் வரைக்கும் வீடு வீடாகப் போவா. பிள்ளை பிறக்கிற நேரம் பார்த்து லொறி வராது என்று முக்கால்வாசித் தூரம் நடைதான். அவவின் வாய் அந்தப் பகுதியில் பேர்போனது.

நான் இருபத்திரண்டு கேள்விகளைத் தட்டச்சில் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். முதற் கேள்வி, 'சர்வசன வாக்குரிமை பற்றித் தங்கள் அபிப்பிராயம் யாது?' சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்க, சேலையையும் தாள்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கரையூரில் வீடு வீடாகப் படலைக்கு வெளியே நின்றேன். நல்ல மரியாதை கிடைத்தது, தேத்தண்ணி கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் நான் வாயைத் திறக்கமுதல் வீட்டுக்காரி அரிசிக் கூப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றா.

"ஏழு பேர்தான் இருக்கிறம். சத்தியமா ஏழு பேர். ரெண்டு பேர் கடலுக்குப் போயிட்டினம்."

வீட்டில் எனக்குத் தெரிந்தது ஐந்து பேர்தான். கூப்பனில் கள்ளப் பெயர் பிடிக்க வந்த உத்தியோகத்தர் என்று என்னை நினைத்துவிட்டார்கள். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. ஆண்களிடம் கேட்டால் ஒரே பதில். வோட்டோ? அதெல்லாம் போட்டாச்சு, பெட்டிக்குள்ளதான் போட்டம். துண்டுகள் காணாமற்போன அந்த ஊரில், துண்டைப் பெட்டியில் போடாத ஒருவரைக்கூட என்னால் காண முடியவில்லை.

நாலாம் நாள் சின்னம்மா என் தாள்களை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தா.

"இதுக்கு ஆரும் பதில் சொன்னா அவைக்குத்தான் ஏதோ பிசகு. இதை அலுமாரிக்குள்ள வைச்சிட்டு என்ர பையைத் தூக்கு. வீட்டுக்குள்ள போகலாம்."

அப்படித்தான் நான் பை தூக்கினேன். வழியில் கூப்பன் கடையில் சின்னம்மாவுக்கும் அரிசி எடுக்க வேண்டியிருந்தது. அங்கே நின்ற பெண்களை நான் வேடிக்கை பார்த்தேன். கடைக்காரர், "முதல்ல கூப்பனைத் தாங்கோ" என்று கத்தினார். பெண்கள் கூப்பனை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்தபடி, "முதல்ல அரிசியைப் போடுங்கோ" என்றார்கள். மற்றக் கடைகளிலும் கூப்பன் வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கும் மனிதர்கள் கூப்பனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இங்கே அரிசி சாக்குக்குள் விழுகிற சத்தம் கேட்கும்வரை ஒரு கையும் திறக்கவில்லை. ஏன் என்று புரியாமலேயே அதைக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன். புரியாததை எழுதி வைப்பதுதான் நான் சர்வகலாசாலையில் உருப்படியாகக் கற்ற ஒரே பழக்கம்.

அன்று போன வீட்டில் மருமகளுக்குத் தலைப்பிரசவம். மாமியார் ஐம்பது வயது மதிக்கத்தக்க விதவை, கருவாடு காயவைத்து விற்பவ. முஸ்லிம் வழக்கப்படி ஊரில் எல்லாரும் அவவை ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். உள்ளே எனக்கு ஒரு வேலையும் தெரியவில்லை. நான் நின்ற இடமெல்லாம் யாருக்காவது இடைஞ்சலாக இருந்தது. கடைசியில் சின்னம்மா, "அரசியலைக் கொஞ்சம் வெளியில விட்டிட்டு, ராத்தாவோட போய் நல்ல தண்ணி எடுத்துக்கொண்டு வா" என்று துரத்தினா.

ஆளுக்கொரு குடத்தோடு புறப்பட்டோம். ஊருக்குள் கிணறுகள் இருந்தன. அவற்றில் குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், குடித்தால் நாக்கு சுருங்கும். நல்ல தண்ணீருக்கு முட்பற்றைகளைத் தாண்டிக் குளத்தடிக்குப் போக வேண்டும். போக அரை மணித்தியாலம். குடத்தோடு திரும்பி வர அதைவிடக் கூடுதல். நிறைகுடத்தோடு திரும்பும்போது வெயில் மண்ணிலிருந்து எழும்பிக் காலைச் சுட்டது. நான் இரண்டு தரம் குடத்தை மாற்றி மாற்றி இடுப்பில் வைத்தேன். ராத்தா திரும்பிப் பார்த்தா.

"பழக்கமில்லையோ, மகள்? மெல்ல வாங்கோ. நான் இந்த ஊருக்கு வாழ வந்த நாளில இருந்து நடக்கிறன்."

"ஊருக்குள்ள நல்ல தண்ணிக் கிணறு ஒண்டு வெட்டச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"கேட்டனாங்கள். வோட்டுக் கேக்க வந்தவையிட்டக் கேட்டனாங்கள். மஞ்சள்காரர் வெட்டித் தாறம் எண்டவை. நீலக்காரரும் வெட்டித் தாறம் எண்டவை."

"பிறகு?"

"பிறகென்ன. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி. நாங்கள்தான் இன்னும் நடக்கிறம்." ராத்தா குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றினா. பிறகு, கருவாட்டு விலையைச் சொல்கிற அதே குரலில், "நான் அதுதான் இன்னும் துண்டைக் குடுக்கேல்லை" என்றா.

நான் நின்றுவிட்டேன். குடத்துத் தண்ணீர் சேலையில் தெறித்தது. எந்தத் துண்டு என்று கேட்டேன்.

"வோட்டுத் துண்டு. கிணறு வெட்டினவருக்குத்தானே போட வேணும். வெட்டமுதல் எப்பிடிப் போடுறது?"

இருபத்திரண்டு கேள்விகளில் ஒன்றுகூட இந்தப் பதிலுக்குக் கிட்டவும் போயிருக்காது. பயம், அறியாமை, வேட்பாளர் இருவரிலும் வெறுப்பு என்று மூன்று காரணங்களைக் கொழும்பிலேயே எழுதி வைத்துக்கொண்டுதான் நான் வந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறிய சந்தோஷமும் இருந்தது. குடத்தை மறந்து கேள்விகளைக் கொட்டினேன்.

ராத்தா நடந்தபடியே சொன்னா. அவவுடைய வாப்பா முத்துக்குளிப்புக் காலத்தில் சம்மாட்டியார் என்கிற தோணி முதலாளியோடு குளிக்கப் போனவர். தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பியைக் கொட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். கொட்டு என்பது தடிகளால் அடைத்த பெரிய வளவு. அங்கேதான் அரசாங்கத்தின் பங்கும் குளித்தவனின் பங்கும் பிரிபடும். உள்ளே போகும்போது ஒரு துண்டு கொடுப்பார்கள். தன் பங்குச் சிப்பி சாக்கில் விழும்வரை அந்தத் துண்டைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை, சனம் நெருக்குது, துண்டைத் தா, பங்கை நாளைக்கு வந்து வாங்கு என்று ஒருவர் சொல்ல, வாப்பா கொடுத்துவிட்டார். நாளைக்குப் போனபோது துண்டு எங்கே என்று கேட்டார்கள்.

"அண்டைக்கு வீட்டுக்கு வந்து எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னவர், அரசாங்கம் தாற துண்டைப் பங்கு வராமல் குடுக்காதேங்கோ எண்டு. எங்கட பக்கம் எல்லா வீட்டிலயும் இந்தக் கதைதான். வோட்டண்டும் அப்பிடித்தானே? அடைப்புக்குள்ள போக விட்டினம், துண்டு தந்தினம். உள்ள ஒருத்தரும் இல்லை, பங்கும் இல்லை, ரெண்டு பெட்டி மட்டும் கிடக்கு. துண்டை மடியில வைச்சுக்கொண்டு வந்திட்டன்."

"நீங்கள் மட்டுமோ?"

"எங்கட பக்கத்தில கொஞ்சப் பேர். சிலதைக் கறையான் திண்டிட்டுது. சிலபேர் அடுப்பு மூட்டிப்போட்டினம். என்ரது கிடக்கு."

வீட்டுக்கு வந்தோம். உள்ளே இன்னும் முனகல் சத்தம்தான். தண்ணீரைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, ராத்தா ஒரு பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துத் திறந்தா. கலியாணத்துக்கு எழுதிய காவின் கடதாசி, பிறப்புப் பத்திரங்கள், கூப்பன் புத்தகம். அவற்றுக்கு அடியில் சிறிய துண்டு ஒன்று. வெளிறிப் போயிருந்தது. மூன்றாக மடித்து, ஓரம் நகத்தால் அழுத்தப்பட்டிருந்தது.

எனக்குக் கண் கலங்கியது. பெட்டியின் வாய்க்குள் சுகமாகப் போகட்டும் என்று ஒவ்வொரு துண்டையும் அப்பா மடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த மடிப்பை உலகத்தில் வேறு எவரும் மடிக்கமாட்டார்கள். அப்பா சரியாக எண்ணியிருந்தார்.

அடுத்ததாக என் மனத்தில் வந்தது விரிவுரையாளரின் மேசை. இந்தத் துண்டை அந்தப் பென்சில்களுக்குப் பக்கத்தில் வைத்தால் கட்டுரை நிற்கும். அப்பாவின் கந்தோரில் காட்டினால் அவர் பெயர் நிமிரும். ஆனால் வாக்குத் துண்டை வெளியே கொண்டுபோவது சட்டப்படி குற்றம். துண்டைக் காட்டினால் யாரிடம் இருந்தது என்று முதலில் கேட்பார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பது இதுதான்.

அதைவிட, ராத்தாவுக்கு ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த வீட்டுத் தேத்தண்ணியை இனிக் குடிக்க முடியாது.

"ராத்தா, இந்தத் துண்டு இனிச் செல்லாது. வோட்டு நடந்த அண்டைக்குப் பின்னேரமே இதின்ர காலம் முடிஞ்சுது. இனிக் கிணறு வெட்டினாலும் இதைப் போடேலாது."

ராத்தா துண்டைப் பார்த்தா. காற்று வேலி ஓலையை அடித்துக்கொண்டிருந்தது. பத்து வருடம் வைத்திருந்த பொருளைச் செல்லாது என்று ஒரு படித்த பெட்டை வந்து சொல்கிறது. ஏசப் போகிறா என்று நினைத்தேன்.

"பெட்டியில போட்டவைக்குக் கிணறு வந்ததோ?"

"இல்லை."

"அப்ப அவையின்ரயும் செல்லாமல்தான் போச்சு. என்ர துண்டு எண்டாலும் என்னட்ட இருக்கு."

சர்வகலாசாலையில் மூன்று வருடம் பிரதிநிதித்துவம் பற்றிப் படித்த நான் அதை அப்படியே குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நான் மறைக்க நினைத்த மற்றதையும் சொல்லிவிட்டேன். அந்தத் துண்டைக் கொடுத்தவர் என் அப்பா. துண்டு குறைந்ததற்கு விளக்கம் எழுதியவர் அவர். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பவர் அவர். ராத்தா நெற்றியைச் சுருக்கி யோசித்தா.

"கண்ணாடி போட்ட மெலிஞ்ச மனுசனோ? எங்கட வீட்டில தண்ணி வாங்கிக் குடிச்சவர். கிணத்துத் தண்ணிதான் இருந்தது. முழுக்கக் குடிச்சிட்டு, உப்பெண்டு ஒரு சொல் சொல்லேல்லை." துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினா. "அந்த மனுசன் ஏச்சு வாங்கினது எனக்குத் தெரியாது. கொண்டுபோய் அவருக்குக் காட்டுங்கோ."

நான் கையை நீட்டினேன். ராத்தா துண்டை விடவில்லை. அவவின் இரண்டு விரலும் என் இரண்டு விரலும் அதைப் பிடித்தபடி நின்றன.

"ஒரு துண்டு எழுதித் தந்திட்டு எடுங்கோ."

வேறென்ன கேட்பா? நான் குறிப்பு நோட்டுக்குள் மிஞ்சியிருந்த கேள்வித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். 'இன்று ஒரு துண்டு பெற்றுக்கொண்டேன். திருப்பித் தருவேன்.' ராத்தா வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். "கிணத்தைப் பற்றியும் எழுதுங்கோ" என்றா. என் கட்டுரையில் கிணற்றைப் பற்றி எழுதுவேன், கிணறு வரும்வரை கேட்பேன் என்று சேர்த்து எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த நேரத்துச் சந்தோஷத்தில் கை தாராளமாக எழுதியது. மடித்துக் கொடுத்த பிறகுதான் பார்த்தேன், நானும் மூன்றாக மடித்து ஓரத்தை நகத்தால் இழுத்திருக்கிறேன். உள்ளே பிள்ளை அழுதது. பேத்தியைக் குளிப்பாட்ட நாங்கள் கொண்டுவந்த ஒரு குடம் போதவில்லை, மற்றதையும் எடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் சின்னம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கிணறு வெட்டப் பூதம் வந்தது எண்டுவினம். நீ பூதத்தைத் தேடிப்போய்க் கிணத்துக்குக் கையெழுத்து வைச்சிருக்கிறாய்" என்று சொல்லிச் சிரித்தா. பிறகு, துண்டு என் பையில் பத்திரமாக இருக்கிறதா என்று அவவே இரண்டு தரம் கேட்டா.

மன்னாருக்கு வந்த அன்று பின்னேரம் அப்பா கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் துண்டை அவர் கையில் வைத்தேன். அவர் விரிக்கவில்லை. மடிப்பைத்தான் பார்த்தார். ஓரத்தில் விரலை ஓட்டினார். பிறகு, "எங்க இருந்தது?" என்று கேட்டார்.

சொன்னேன். கொட்டு, பங்கு, கிணறு எல்லாவற்றையும் சொன்னேன். ராத்தா சொன்ன தண்ணீர்க் கதையையும் சொன்னேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூண்டு தரம் எண்ணினனான்" என்றார்.

"தெரியும், அப்பா."

"மூண்டு தரமும் சரி."

"ஓம், சரிதான்."

கந்தோரில் காட்டினால் எழுதிய விளக்கத்தைத் திருத்தலாமே என்று நான் தொடங்கினேன். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நான் எண்ணினது பிழையில்லை எண்டு எனக்குத் தெரிஞ்சால் காணும். அந்த மனுசியின்ர துண்டை நாங்கள் வைச்சிருக்கேலாது. கொண்டுபோய்க் குடு." பிறகு கொஞ்சம் சிரித்தார். "தண்ணி நல்ல உப்புத்தான். வெக்கத்தில சொல்லேல்லை."

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகும்போது அப்பா பூட்டை ஒரு தரம் பூட்டினார். கையை எடுத்தார். படி இறங்கினார். தெருவுக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னால் நடந்தபடி அழுதேன். அம்மா கண்ணில் மண் விழுந்ததா என்று கேட்டா.

துண்டை நானே கொண்டுபோய் ராத்தாவிடம் கொடுத்தேன். அவ அதைத் தகரத்துக்குள் வைத்தா. என் துண்டைத் திருப்பித் தாங்கோ என்று கேட்டேன். கொடுக்கல் வாங்கல் முடிந்தது என்பது என் நினைப்பு.

"அதில ரெண்டு விசயம் எழுதியிருக்கிறீங்கள், மகள். ஒண்டுதானே முடிஞ்சிருக்கு" என்றா ராத்தா. மூடியை அழுத்தி மூடினா.

கட்டுரையை எழுதினேன். ஊரின் பெயரை எழுதவில்லை, ஆளை எழுதவில்லை. இங்கும் எழுதவில்லை. விரிவுரையாளர் கடைசித் தாள்வரை வாசித்துவிட்டு, மேசையில் வைக்கச் சொன்னது எங்கே என்று கேட்டார். உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். 'சுவையானது, ஆனால் நிரூபிக்கப்படவில்லை' என்று ஓரத்தில் எழுதினார். கடைசிப் பக்கத்தில் கிணறு தேவை என்று நான் எழுதியிருந்த பந்தியைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடிழுத்து வெட்டினார். பொருளுக்குப் புறம்பானதாம். புள்ளி குறைந்ததற்கு நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு நாள் சாப்பிடாமல் கோபத்தோடு படுத்திருந்தேன். ஆனால் அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துத்தான். கட்டுரையில் கிணறு இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு மேலிடத்துக்கு ஒரு மனு எழுதினேன். அப்பா அதைத் தன் அழகான எழுத்தில் பிரதி பண்ணி, மடித்து, உறைக்குள் வைத்தார். கவனத்துக்கு எடுக்கப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தைத் தன் கையால் எத்தனையோ பேருக்கு எழுதியிருப்பதாக அப்பா வாய்விட்டே சொன்னார். இன்னொரு மனு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த வருடம் புதிய பாராளுமன்றத்துக்குத் தேர்தல் வந்தது. எனக்கு முதல் வாக்கு. மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, துண்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. நிறம் நிறமாகப் பெட்டிகள் மட்டும் இருந்தன. ராத்தா சொன்னது சரி, பங்கு ஒன்றும் அங்கே இல்லை. யாருக்குப் போடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்தவள் நான். அவருடைய ஆட்கள் எங்கள் தெருவில் என்னென்ன செய்து தருவதாகச் சொன்னார்கள் என்பதும் நினைவிருந்தது. என்றாலும் கை துண்டை விடவில்லை. வெளியிலிருந்து அதிகாரி, "முடிஞ்சுதோ, தங்கச்சி?" என்று கேட்டார். அவர் பின்னேரம் அடிக்கட்டைகளை எண்ணப் போகிறவர். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கப் போகிறவர்.

போட்டேன். துண்டு பெட்டியின் அடியில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வெறுங்கையோடு மற்ற வாசலால் வெளியே வந்தேன்.

அன்று ராத்தாவும் வாக்களிக்கப் போனதாகச் சின்னம்மா பிறகு சொன்னா. பெட்டிக்குள் போட்டாவா, மடியில் வைத்துக்கொண்டு வந்தாவா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், நான் எழுதிக் கொடுத்த கிணறு என்ன ஆயிற்று என்று அவவும் கேட்பா. என் துண்டு இன்னும் அந்தப் பிஸ்கற் தகரத்துக்குள், என் கையெழுத்தோடு, மூன்றாக மடித்தபடி கிடக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு முகமில்லை.